எறும்புத் தரகு

எறும்போடு பேச முடியும் என்று கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். பேசினால் என்ன லாபம் என்று கேட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தவன் நாட்ராயன்.

அவன் காங்கேயம் பக்கத்து மாட்டுத் தரகன். மாட்டின் பல்லைப் பார்த்து அதன் வயதையும், விற்க வந்தவரின் செருப்பைப் பார்த்து அவருடைய அவசரத்தையும் சொல்லிவிடுவான். இரும்பு உண்ணி வந்து சந்தைகளை மூடியபோது ஊர்த் தரகர்களில் பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்கள். நாட்ராயன் எறும்புக்குப் போனான்.

இரும்பு உண்ணி என்பது மக்கள் வைத்த பெயர். எந்த மருந்துக்கும் சாகாத மாட்டுண்ணி அது. மருந்து தெளித்தால் குளித்துக்கொள்ளும். மாட்டுக்கு ஊசி போட்டால் இன்னும் கொழுக்கும். அது கொண்டுவந்த காய்ச்சல் மாட்டிலிருந்து பால் கறக்கிறவர்களுக்குத் தாவத் தொடங்கியதும் அரசாங்கம் சுருக்கமாக ஒரு சட்டம் போட்டது. பரிசோதனையில் உண்ணி இருந்தால் அந்த மாட்டைக் கொல்ல வேண்டும். மறுபரிசோதனையிலும் இருந்தால் பட்டி முழுவதையும் கொல்ல வேண்டும்.

மருந்துக்குச் சாகாத உண்ணி எறும்பிடம் செத்தது. பெட்டி பிறந்த கதை அதுதான். எறும்புகள் வாசத்தால் பேசுகின்றன. உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று அந்த வாசங்களில் நாலைந்தைக் கலந்து விடும்: வா, தீனி, போதும், ஆபத்து. எறும்பு ஓர் உண்ணியைக் கொண்டுவந்து பெட்டியின் வாயில் போட்டால் பக்கத்துக் குழாயில் ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகு வரும். பெரிய உண்ணிக்கும் ஒரு சொட்டு, பொடி உண்ணிக்கும் ஒரு சொட்டு. கம்பெனி நாட்ராயனுக்குக் கொடுத்த அட்டையில் 'உயிரினத் தொடர்பு ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்திருந்தது. அவன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் தரகு என்றே சொன்னான். சேருகிற உண்ணிக்கு ஏற்ப அவனுக்குக் கூலி.

அவன் பெட்டி வைத்த காடுகளில் ஒன்று பாவாத்தாளுடையது. காடு என்றால் அந்தப் பக்கத்தில் கொரங்காடு: தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை வேலி. மாடுகள் காலையில் மேயும், மத்தியானம் மர நிழலில் படுத்து அசைபோடும். கணவன் இறந்த பிறகு பட்டியை ஒற்றை ஆளாகப் பார்த்துவந்தவள் பாவாத்தாள். குறைவாகப் பேசுவாள். பேரத்தில் அதைவிடக் குறைவாகப் பேசுவாள். எதிராளி சும்மா இருக்க முடியாமல் தானே விலையை இறக்கிக்கொள்வான்.

முதல் நாள் ஒரு மரத்தடியில் பெட்டியைத் திறந்ததும் அந்த ஒரே மரத்திலிருந்து ஐந்தாறு கூட்டம் இறங்கியது. தடித்த கட்டெறும்பு ஒன்று. வாலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கிறது ஒன்று. காய்ந்த குச்சிக்குள்ளிருந்து ஊசிபோல நீண்டு வருகிறது ஒன்று. பட்டை வெடிப்பிலிருந்து சிந்திய கடுகுபோல ஒரு பொடிசு. பெட்டியின் வாயில் எல்லாமாகக் கட்டிப் புரண்டன. பாகு வீணாகத் தரையில் வழிந்தது.

"என்னுங்கண்ணா, தண்ணி லாரி வந்த மாதிரி இருக்குது?" என்றாள் பாவாத்தாள்.

"ஆளு சாஸ்தியாயிப் போச்சு அம்முணி. இத்தன பேருகிட்டப் பேசுனா பேச்சு முடியாது. ஒருத்தன்கிட்டப் பேசி முடிச்சர்லாம்."

இது தரகனின் புத்தி. மாட்டுச் சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. இருவர் கைகள் மேலும் ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒருவன் கை துண்டுக்குள் இருக்கும்போது அடுத்தவன் அந்த மாட்டை விலை கேட்கக் கூடாது. கேட்டவனைச் சந்தையில் யாரும் டீ குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். அந்த மரியாதையை நாட்ராயன் எறும்புக்கும் கொடுத்தான். கூட்டத்தில் பலசாலியாகத் தெரிந்த கட்டெறும்போடு வியாபாரத்தை முடித்துக்கொண்டு, மற்றவை குறுக்கே வராதபடி ஏற்பாடு செய்தான்.

ஆள் வைத்து மரங்களின் பட்டுப்போன கிளைகளை அறுத்தான். பொந்துகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினான். தொங்கிய பட்டையைச் சுரண்டினான். மரத்துக்கு மரம் தாவியிருந்த கோவைக்கொடிகளைப் பிடுங்கி எறிந்தான். வெள்வேல மரங்கள் கல்யாணத்துக்கு முடிவெட்டிக்கொண்ட மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க் காட்டுச் சென்னியப்பன் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, மரத்துக்குச் சவரமெல்லாம் பண்ணுவியா? கட்டிங் எவ்வளவு?"

"உங்க மரத்துக்குன்னா ரெண்டு மடங்கு ஆவுங் மாமா. பேனு சாஸ்தி."

சென்னியப்பனின் காடு அப்படித்தான் இருந்தது. மரங்கள் கோணலாக, பாதி பட்டு, பொந்தும் பொருக்குமாக, கொடி ஏறிப் போர்த்தியபடி நின்றன. அவர் தன் வாழ்நாளில் ஒரு குச்சியை வெட்டிப் போட்டவரல்ல. அதற்கு அவர் கொள்கை என்று பெயர் வைத்திருந்தார்.

கட்டெறும்பு நாணயமாக வேலை செய்தது. முதல் மாதம் பெட்டிகள் நிறைந்தன. அடுத்த மாதமும் நிறைந்தன. அதற்கடுத்த மாதமும் அதே அளவு. நாட்ராயனுக்குக் குளிர்ந்துபோனது. வரத்துக் குறையாத சரக்கை அவன் அதுவரை கண்டதில்லை.

"வரத்துக் கொறையவே இல்ல பாத்தீங்களா?"

பாவாத்தாள் ஒரு பசுவின் காதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொறையோணும்தானுங்களே, பெட்டி வச்சது?" என்றாள்.

நல்ல வியாபாரத்தின் நடுவில் இப்படிப்பட்ட கேள்விகள் காதில் விழாமல் இருப்பது ஒரு திறமை.

ஆனி மாதம் பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். முழங்கை வரை உறை போட்ட நால்வர். காதுக்குள், வாலுக்கடியில், மடிக்கு மேலே என்று தடவினார்கள். சாம்பல் வெள்ளை நிற மயிலைப் பசுவின் மடியில் கையை நிறுத்தினார்கள். அது பட்டியிலேயே பழைய பசு. மற்றவற்றில் பாதி அதன் வயிற்றில் வந்தவை. வண்டியில் ஏற்றும்போது அது முரண்டவில்லை. பாவாத்தாள் கூடவே வேலி வாசலான கடவுவரை நடந்து, படலைத் தானே திறந்துவிட்டாள். பரிசோதகர் ஒரு தாளைக் கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி வருவோம் என்றார். அடுத்த முறை என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அன்று சாயங்காலம் மயிலையின் கட்டுத்தறியை அவள் பிடுங்கவில்லை. காளைக்கன்று ஒன்று வந்து வெறுந்தரையை முகர்ந்துகொண்டு நின்றது.

*

ஆடி பிறந்ததும் டாக்டர் கருணாம்பிகை வந்தாள். பெட்டிக்கு வாசம் கலந்தவர்களில் அவளும் ஒருத்தி. சொந்த ஊர் அவிநாசி. எல்லாக் காட்டிலும் உண்ணி வரத்து ஏறி இறங்க, இந்த ஒரு காட்டில் மட்டும் கோடு போட்டதுபோல் நிற்பது அவளுக்கு உறுத்தியிருந்தது. மூன்று நாள் மத்தியான வெயிலில் மரத்தடியில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். மாடுகள் அவளை முகர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று பக்கத்தில் படுத்துக்கொண்டன.

நாலாம் நாள் இருவரையும் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பாருங்க. மாட்டுல இருந்து கீழ விழுந்த தாய் உண்ணி. இரத்தம் குடிச்சு ஆமணக்கு முத்துக்கொட்டை மாதிரி இருக்குது. முட்டை வைக்க மண்ணுக்குள்ள போகுது. கட்டெறும்பு என்ன பண்ணுது பாருங்க."

ஓர் எறும்பு வந்தது. உண்ணியைத் தொட்டுப் பார்த்தது. சுற்றி வந்தது. பிறகு, தெருவில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப் போய்விட்டது.

"தொடுலீங்களே," என்றாள் பாவாத்தாள்.

"தொடாது. முட்டை பொரிஞ்சு குஞ்சு வந்த பிறகுதான் அள்ளுது. அதுலயும் எல்லாத்தையும் அள்ளறதில்ல. மாட்டு மேல ஏறுறதுக்குக் கொஞ்சம் விட்டு வைக்குது."

நாட்ராயன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினான். அவனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது, விளங்கியது பிடிக்கவில்லை.

"தாயக் கொண்டாந்தா ஒரு சொட்டு," என்றான் மெல்ல. "உட்டு வச்சா ஆயிரம் குஞ்சு. ஆயிரம் சொட்டு."

"அதேதான் அண்ணா."

"இந்தப் பய யோசிச்சா பண்றான்?"

"யோசிக்கல. தாயை விட்டு வச்ச கூட்டத்துக்குப் பாகு நிறையக் கெடைச்சுது, பெருத்துது, பிரிஞ்சு பிரிஞ்சு குடி போச்சு. தாயைத் தின்ன கூட்டம் பசியில கெடந்து தேஞ்சு போச்சு. இப்ப இங்க இருக்கறதெல்லாம் விட்டு வைக்கற கூட்டம்தான். நாமதானே கூலி குடுத்து வளர்த்தோம்."

"அப்ப உண்ணி தீராதுங்களா?" பாவாத்தாள் கேட்டாள்.

"பெட்டி இருக்கற வரைக்கும் தீராது அக்கா. எறும்புக்கு உண்ணி இப்பப் பண்ணையம்."

மயிலைப் பசு யாருடைய பண்ணையத்துக்காகப் போனது என்று பாவாத்தாள் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. நாட்ராயனுக்கு அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

கருணாம்பிகை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வேலிக்கு அப்பால் காட்டினாள். "அந்தக் காட்டுல பெட்டியே இல்ல. மாட்டை நேத்துப் பாத்தேன். உண்ணி இல்ல."

"சென்னியப்ப மாமன் காடுங்களா? அவரு மாட்டுக்குப் புல்லே கெடையாதுங். உண்ணிக்கு என்ன ரத்தம் கெடைக்கும்?"

"வெளையாடாதீங்கண்ணா. மரத்தைப் பாருங்க. நம்ம கொரங்காட்டை மாதிரி புல்லும் தனித்தனி மரமுமா இருக்கற நெலத்தை வெளியில சவன்னான்னு சொல்றாங்க. அங்க எறும்புக்கு ஊருன்னா மரம்தான், மத்ததெல்லாம் வெயிலு. மரம் எப்படி இருக்குதோ அப்படித்தான் குடித்தனம். பட்டுப்போன கிளையில ஒரு சாதி, பட்டை வெடிப்புல ஒரு சாதி, பொந்துல ஒண்ணு, கவையில ஒண்ணு. கொடி ஏறி மரத்துக்கு மரம் தொட்டுச்சுன்னா அதுக்குன்னு ஒண்ணு. மரம் வயசாகிக் கோணமாணலா ஆக ஆக எறும்பு வகை கூடிட்டே போகும். நேரா, மொழுமொழுன்னு ஒரே மாதிரி மரம் நின்னா ஒரே ஒரு எறும்புதான் ஜெயிக்கும்."

"கடைவீதின்னு சொல்லுங்க," என்றான் நாட்ராயன். "சின்னக்கடை, பெரியகடை, பொட்டிக்கடை. நான் எல்லாத்தையும் இடிச்சுப் போட்டு ஒருத்தனுக்கு மட்டும் ஷட்டர் தெறந்து உட்டுருக்கறன்."

"ஆமா. சென்னியப்பர் காட்டுல ஒரு எறும்பு தாய் உண்ணியை விட்டு வச்சா என்ன ஆகும்?"

"பக்கத்துக் கடைக்காரன் தூக்கிருவான்." அவன் சிரித்தான், ஆனால் சுரத்தில்லாமல். "போட்டி இருந்தா ஒருத்தனும் நாளைக்குன்னு ஒளிச்சு வெக்க முடியாது. இது எனக்குத் தெரிஞ்ச விசயமுங். இருவது வருசமாத் தெரியும்."

*

பெட்டியை நிறுத்த வேண்டும். மரங்களைப் பழையபடி அசிங்கப்படுத்த வேண்டும். முதலாவது சுலபம். இரண்டாவதற்குச் சரக்கு வேண்டும். எறும்பு குடியிருக்கும் பட்ட கிளைகள், குடித்தனத்தோடு. அது சென்னியப்பனிடம் மட்டும்தான் இருந்தது.

"ஆட்டை நம்ம காட்டுல மேய உடோணும்னு கேப்பாரு," என்றாள் பாவாத்தாள். "ஒரு மாசம்னா ஒத்துக்குங்க. அதுக்கு மேல புல்லு தாங்காதுங்க."

நாட்ராயன் போனபோது சென்னியப்பன் கயிற்றுக்கட்டிலில் படுத்துக் கொள்கையை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தக் காஞ்ச கெளையெல்லாம் சும்மாதான கெடக்குது. அறுத்து எடுத்துக்கறனுங்."

காய்ந்த கிளையை நேரில் வந்து கேட்கிறான் என்றதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து விறகுக்கு விலை வந்ததில்லை, இன்று வந்திருக்கிறது.

"துண்டப் போடு மாப்பிள்ளை."

துண்டு விழுந்தது. கைகள் உள்ளே போயின. மேலே பேச்சு வேறு.

"மழை எப்ப மாமா?"

"அது வர்றப்ப வரும்." உள்ளே அவர் நாட்ராயனின் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தார். நாலு மாத மேய்ச்சல்.

"உங்க மருமகன் பெங்களூர்லயா இருக்கறாப்ல?" நாட்ராயன் மூன்றை மடக்கினான்.

"அவனா, அவன் எங்கிருந்தா என்ன, போன் பண்ணுனா காசுக்குத்தான்." மடக்கிய மூன்று விரல்களையும் அவர் திரும்ப நீட்டிவிட்டார்.

"எல்லா மருமகனும் அப்படித்தானுங் மாமா." ஒன்றே ஒன்று.

சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் நாட்ராயனின் ஆள்காட்டி விரலை முழுதாகவும், நடுவிரலைப் பாதியிலும் அழுத்தி அங்கேயே நின்றது. அதற்கு மேல் அசையாது என்று விரலுக்குத் தெரிந்தது.

"ஒண்ணரை," என்று வந்து சொன்னான் நாட்ராயன்.

"பாதி வெரலு உங்க கணக்குங்களா, எங் கணக்குங்களா?" என்றாள் பாவாத்தாள்.

அந்த அரை மாதத்துக்கு ஆடுகளுக்குத் தீவனம் வாங்கிப் போட அவன் ஒத்துக்கொண்டான். எப்படி ஒத்துக்கொண்டான் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான்.

பட்ட கிளைகள் சாக்கில் சுற்றி வந்து இறங்கின. உள்ளே குடித்தனங்கள் பதறிக்கொண்டிருந்தன. கருணாம்பிகை ஏணியில் ஏறி ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உயரத்தில் கட்டினாள். உச்சியில் வாழ்கிறது இடுப்புயரத்தில் வாழாது என்றாள். நாட்ராயன் தான் பூசிய சிமெண்டைத் தானே உளியால் கொத்தினான். மரத்துக்கு மரம் தேங்காய்நார்க் கயிறு கட்டினார்கள். கொடி ஏறும்வரை அதுதான் பாலம். கடித்த கடியில் மூவர் கைகளும் அதிரசம்போல் உப்பியிருந்தன. எல்லாப் பெட்டிகளையும் கழற்றிவிட்டதாக நாட்ராயன் சொன்னான். கம்பெனியிலிருந்து போன் வந்தது. வரத்து ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். சீசன் சரியில்லை என்றான்.

ஆவணியில் சண்டை தொடங்கியது. பாகு நின்ற மரங்களில் கட்டெறும்புப் படை மெலிந்தது. வாலைத் தூக்கி நடக்கும் எறும்பு மேல்கிளைகளைப் பிடித்தது. ஊசியெறும்பு குச்சிகளில் குடியேறியது. பட்டை வெடிப்புகளில் பொடிசுகள் வந்தன. மாட்டிலிருந்து விழுந்த தாய் உண்ணி மண்ணைத் தொடுமுன் நாலு பக்கமிருந்து இழுபட்டது. மாடுகளின் காதுகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாயின.

கடவுப் பக்கத்து மரம் ஒன்று மட்டும் அடங்கவில்லை. அந்த மூலையில் படுத்து எழுந்த மாடுகளின் மேல் உண்ணி இருந்துகொண்டேயிருந்தது.

"புரியவே இல்லக்கா," என்றாள் கருணாம்பிகை. "அங்க மட்டும் கட்டெறும்பு சளைக்காம நிக்குது. கட்டுன கிளையில ஒண்ணைக்கூட ஒட்ட விடல. எங்கிருந்துதான் தீனி கெடைக்குதோ."

"மண்ணு வாகா இருக்குமுங்," என்றான் நாட்ராயன்.

பாவாத்தாள் மறுநாள் காலையில் அவனை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

அவன் வந்தபோது அவள் ஒரு கிடேரிக் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மயிலையின் கடைசி ஈற்று. தாயின் நிறம், தாயின் நெற்றி.

"இத நீங்க வெச்சுக்குங்கண்ணா."

"விக்கோணுங்களா? இப்பச் சந்த இல்லியே அம்முணி."

"விக்கறதுக்கில்லீங்க. உங்களுக்குத்தான். இத்தன நாளு ஓடியாடிப் பாத்துருக்கறீங்க. உண்ணிக்குத்தான கம்பெனி குடுக்குது, உண்ணி இல்லாததுக்கு நாந்தான குடுக்கோணும்."

நாட்ராயன் ஒருபோதும் மாடு வைத்திருந்ததில்லை. கை மாற்றுகிறவன் கையில் மாடு நிற்கக் கூடாது என்பது அவன் தொழிலில் அவன் போட்டுக்கொண்ட விதி. நின்றால் தீனி கேட்கும், முகம் பார்க்கும், விலை பேசும்போது தொண்டையில் சிக்கும்.

"எங்க ஊட்ல கட்டறதுக்கு எடமில்லீங்களே."

"இங்கயே நிக்கட்டும். கடவோரம் நெழலு நல்லாருக்குது, அந்த மரத்தடியிலயே கட்டிக்கறனுங்க. உங்க மாடு, எம் பட்டி." கயிற்றை அவன் கையில் வைத்தாள். "பரிசோதனக்கி வந்தாங்கன்னா உங்க பேரையே சொல்லிர்றேன்."

கன்று அவன் சட்டைப்பையை முகர்ந்தது. அட்டை அங்கேதான் இருந்தது. அது அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றது.

அன்று பொழுது இறங்கும் நேரத்தில் நாட்ராயன் கடவுப் பக்கத்து மரத்துக்குப் போனான். அடிமரத்தின் பின்னால், வேரும் வேரும் சேருகிற பள்ளத்தில், காய்ந்த புல்லுக்கடியில் ஒரு பெட்டி இருந்தது. எல்லாவற்றையும் கழற்றியவன் ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தான். புது ஏற்பாடு கைகொடுக்காமல் போனால் பழைய சரக்குக்காரன் ஒருவனாவது வேண்டுமல்லவா. முடித்த வியாபாரத்தை நாமாக முறிக்கக் கூடாதல்லவா. கம்பெனிக்குச் சுத்தமாக ஒன்றும் போகாவிட்டால் கூலியும் நின்றுபோகுமல்லவா. இப்படி மூன்று நியாயங்கள் அவனிடம் இருந்தன. மூன்றும் நல்ல நியாயங்கள்தான். நேற்றுவரை.

கட்டெறும்புகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பொடி உண்ணி. பத்தடி தள்ளி அவன் கன்று முதல் தடவையாக அந்த மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில், மண்ணில், ஒரு தாய் உண்ணி யாரும் தொந்தரவு செய்யாத நடையில் போய்க்கொண்டிருந்தது.

நாட்ராயன் அதைக் கட்டைவிரலால் நசுக்கினான். பிறகு பெட்டியின் 'போதும்' வாசத்தைத் திறந்துவிட்டான். வரிசை கொஞ்ச நேரம் குழம்பியது. அவன் பெட்டியை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, கன்றை அவிழ்த்து வேறு மரத்தடியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

*

முதல் மழைக்கு முந்தின வாரம் பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். நாட்ராயன் விடியுமுன்னே வந்திருந்தான். பல்லைப் பார்த்துப் பழகிய அவன் விரல்கள் ஒரு மாதமாகக் காதுகளைப் பார்த்திருந்தன. பட்டியில் ஒவ்வொரு மாட்டின் காது மடிப்பும் அவனுக்கு இப்போது அத்துப்படி.

பரிசோதகர் கிடேரியின் காதுக்குள் விரலை விட்டபோது அவன் வேறு பக்கம் பார்த்தான். சந்தையில் எத்தனையோ பேருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதை அவன் வெளியிலிருந்து பார்த்து விலையை இறக்கியிருக்கிறான். அது உள்ளே எப்படியிருக்கும் என்பது புதுச் செய்தியாக இருந்தது.

"இதுலயும் இல்ல," என்றார் பரிசோதகர். அடுத்ததிலும் இல்லை. கடைசி மாட்டை முடித்துவிட்டு உறையைக் கழற்றி, "என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டார்.

"காஞ்ச கெளைங்க," என்றாள் பாவாத்தாள்.

அவர் அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். கிளைகளில் கட்டிய விறகு, இடையே கயிறுகள், கொத்திய பொந்துகள். பைத்தியக்காரர் வீட்டுக் கொடிக்கயிறுபோல் இருந்தது. மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கருணாம்பிகை இந்தச் சேதியைக் கம்பெனிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வண்டியில் ஏறினாள். பெட்டி தேவையில்லை என்று பெட்டி விற்கிறவனிடம் சொல்வதற்கு அவளுக்கு நல்ல தரகர் வேண்டியிருந்தது. ஆனால் நாட்ராயனைக் கேட்கவில்லை.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். பாவாத்தாள் மயிலையின் பழைய கட்டுத்தறியில் கிடேரியைக் கட்டினாள்.

"கடவு மரத்துல எறும்பு வரிசை நின்னுபோயி ஒரு மாசம் இருக்குமுங்களா?" என்றாள், கயிற்றை முடிந்துகொண்டே.

நாட்ராயனுக்குத் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தினமும் படலத் தொறக்கறவ நானுங்க."

"கேட்டுருக்கலாமே அம்முணி. ஒரு வார்த்தை."

"கேட்டா நீங்க பேசுவீங்க. பேசுனா நீங்கதான் செயிப்பீங்க." அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "எறும்புகிட்டப் பேசோணும்னாத்தான் பெட்டி வேணும். உங்ககிட்டப் பேசறதுக்கு ஒரு கன்னுக்குட்டி போதுமுங்க."

பரிசோதகர் கிடேரியின் ஒரு காதைத்தான் சரியாகப் பார்த்திருந்தார். நாட்ராயன் குனிந்து மற்றதைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான்.